ஓடும் காரில் ஒரு சின்ன வீடு

மதில் மேல் நடக்கும் பூனை தடுமாறி நாம் பார்த்ததில்லை. நான்கு விரல் அகலச் சுவரில், பதித்து வைத்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே பாதத்தை அளந்து வைத்து, அது தன் போக்கில் போய்விடும். அதே பூனையைக் காரில் ஏற்றி வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். ஓயாமல் கத்தும். வாயோரம் எச்சில் ஒழுகும். வாந்தி எடுக்கும். சில பூனைகள் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். இத்தனை நிதானமான உயிர் காரில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

இன்னொரு புதிரும் உண்டு. வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். இரண்டு நாளில் அது அடுப்படியில் வந்து நிற்கும். இந்தக் கதையைச் சொல்லாத ஊர் இல்லை. ஆள் எங்கே போகிறாரோ அங்கே நாய் போகும். பூனை ஏன் இடத்தையே தேடி வருகிறது?

இரண்டு புதிர்களுக்கும் விடை பூனையின் காதிலும் மூக்கிலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், பூனையோடு சாலைப் பயணம் போவதற்கான விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவை தாமாகவே விளங்கிவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மல்லி என்று ஒரு பூனை. மூன்று வயது, 4 கிலோ எடை, கருத்தடை செய்த பெண் பூனை. மே மாதத்தில் அவள் குடும்பம் சென்னையிலிருந்து மதுரைக்குக் குடிபெயர்கிறது. ஏறக்குறைய 460 கிலோமீட்டர். இடையில் நிறுத்தங்களோடு எட்டு, ஒன்பது மணி நேரம். மல்லியோடு நாமும் காரில் ஏறுவோம்.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

1894-இல் எட்டியென் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு பூனையைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே விட்டு, அது விழுவதை அடுத்தடுத்துப் படம் பிடித்தார். எதையும் பற்றாமல், அந்தரத்திலேயே உடலை முறுக்கித் திருப்பிக்கொண்டு, பூனை நான்கு காலில் இறங்குவது படங்களில் தெளிவாகத் தெரிந்தது.

அந்தத் திறமையின் வேர் உட்காதில் இருக்கிறது. கொத்தனார் கையில் உள்ள ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சாய்வு இருந்தால் உள்ளே இருக்கும் குமிழி நகர்ந்து காட்டிக்கொடுக்கும். உட்காதிலும் திரவம் நிறைந்த மூன்று வளைந்த குழாய்களும், மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் கொண்ட இரண்டு பைகளும் இருக்கின்றன. தலை திரும்பினால் குழாயில் திரவம் அசையும். உடல் முன்னே போனாலும் மேலே எழும்பினாலும் துகள்கள் நகரும். இந்த அமைப்பை நாம் ‘நிலையுணர் உறுப்பு’ என்று அழைப்போம். நமக்கும் அது உண்டு. பூனையிடம் அது மிகக் கூர்மையாக வேலை செய்கிறது.

மதிலில் நடக்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் மல்லியின் மூளையே கட்டளையிடுகிறது. ‘இப்போது வலது முன்கால்’ என்று உத்தரவு போகும்போதே, உட்காதிலிருந்து என்ன செய்தி திரும்பி வரும் என்பதையும் மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. கணக்கும் செய்தியும் பொருந்துகின்றன, குழப்பமில்லை.

காரில் கதை மாறுகிறது. வேகத்தடையில் கார் எழும்புவதற்கும், வளைவில் சாய்வதற்கும், பிரேக்கில் முன்னே தள்ளுவதற்கும் மல்லியின் மூளை எந்தக் கட்டளையும் இடவில்லை. கால்கள் ‘நான் நிற்கிறேன்’ என்கின்றன. காது ‘நான் பறக்கிறேன்’ என்கிறது. கண்ணுக்கோ பக்கவாட்டில் மரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. பொருந்தாத இந்தச் செய்திகளின் மோதல்தான் பயணக் குமட்டல். கார் ஓட்டுபவருக்குக் குமட்டல் வருவது அரிது. பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் வரும். காரணம் இதுவே. அடுத்து எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்பது ஓட்டுபவரின் மூளைக்கு முன்பே தெரியும்.

உட்காதுதான் இதில் முதல் சாட்சி என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1882-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதவர்களில் பலருக்குச் சுற்றினாலும் தலைசுற்றல் வருவதில்லை என்று பதிவு செய்தார். நிலையுணர் உறுப்பு பழுதானவர்களுக்குக் கடலில் போனாலும் குமட்டல் இல்லை. அப்படியென்றால், கூர்மையான உறுப்பு கொண்ட பூனைக்கு அந்தக் கூர்மையே காரில் பாரமாகிவிடுகிறது.

மல்லி உதட்டை நக்குவதும், அடிக்கடி விழுங்குவதும், எச்சில் ஒழுகுவதும் குமட்டலின் முதல் அறிகுறிகள். அதனால் கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே கொஞ்சமாக உணவு கொடுத்து முடித்துவிட வேண்டும். தண்ணீருக்குத் தடையில்லை. குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள பூனைகளுக்கும் இந்த இடைவெளியை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மணத்தால் வரைந்த வரைபடம்

மல்லி மேசைக்காலில் கன்னத்தை உரசுகிறாள். கதவு மூலையில் உரசுகிறாள். உங்கள் கணுக்காலிலும் உரசுகிறாள். பாசம் என்று நாம் மகிழ்கிறோம், பாசமும்தான். அதோடு அவள் ஒரு வேலையும் செய்து முடிக்கிறாள். கன்னத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து ஒரு வேதிப்பொருளை அங்கெல்லாம் பூசுகிறாள். உயிரினங்கள் இப்படி விட்டுச்செல்லும் வேதிச் செய்தியை விஞ்ஞானிகள் ஃபெரோமோன் என்கிறார்கள். ‘மணத்தூது’ என்று சொல்லலாம். நம் மூக்குக்கு அது எட்டாது. பூனைக்கு அது ‘இது தெரிந்த இடம், இங்கே பயமில்லை’ என்ற குறிப்பு. 1990-களில் பிரான்சின் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பஜா இந்தக் கன்ன மணத்தூதின் பகுதிகளைப் பிரித்தறிந்தார். அதன் செயற்கை வடிவம் இன்று தெளிப்பானாகக் கிடைக்கிறது.

ஆக, வீடு என்பது மல்லிக்குச் சுவரும் கூரையும் மட்டுமல்ல. அவளே நாள்தோறும் புதுப்பிக்கும் மண வரைபடம். சாக்கில் கட்டிக் கொண்டுபோன பூனை திரும்பி வந்தது அந்த வரைபடத்துக்குத்தான்.

காரில் அந்த வரைபடத்தின் ஒரு புள்ளிகூட இல்லை. பெட்ரோல் வாடை, சீட்டின் ரெக்சின் வாடை, கண்ணாடிக்குக் கீழே வைத்த வாசனை டப்பா என எல்லாமே அந்நியம். ஓசையும் சேர்ந்துகொள்கிறது. நம் காது வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். பூனைக் காது 60,000-ஐயும் தாண்டும். நமக்கு அமைதியாகத் தோன்றும் காரிலும் அவளுக்குக் கீச்சொலிகள் கேட்கக்கூடும்.

அப்படியென்றால் செய்ய வேண்டியது தெளிவு. முழு வீட்டையும் காரில் ஏற்ற முடியாது. வீட்டின் ஒரு துண்டை ஏற்ற முடியும். பூனைக்கூடைதான் அந்தத் துண்டு.

கூடை எப்படி வீடாகிறது?

பெரும்பாலான வீடுகளில் பூனைக்கூடை பரண்மேல் கிடக்கும். தடுப்பூசி நாளன்று மட்டும் இறங்கும். ஆகவே கூடையைக் கண்டதும் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். கூடை என்றால் ஊசி என்று அது சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

இதை மாற்ற முடியும். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 22 பூனைகள் இருந்தன. பாதிப் பூனைகளுக்குச் சில வாரங்களில் 28 முறை, தின்பண்டம் கொடுத்துக் கூடைப் பழக்கம் ஏற்படுத்தினார்கள். மீதிக்கு எதுவும் செய்யவில்லை. பிறகு எல்லாவற்றையும் காரில் கொண்டுபோனபோது, பழகிய பூனைகளிடம் பதற்றம் குறைவாகவே இருந்தது. மருத்துவப் பரிசோதனையும் விரைவாக முடிந்தது.

மல்லிக்கும் இதையே செய்வோம். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே கூடையைக் கூடத்தில், கதவைத் திறந்து, வைத்துவிடுங்கள். உள்ளே துவைக்காத பழைய நூல்புடவை ஒன்றை மடித்துப் போடுங்கள். உங்கள் வாசனையும் அவள் வாசனையும் அதில் இருக்கட்டும். முதலில் கூடை அருகே தீனி, அடுத்து வாசலில், அடுத்து உள்ளே. அவளாகவே உள்ளே போய்த் தூங்கத் தொடங்கிய பிறகு கதவை அரை நிமிடம் மூடித் திறங்கள். பிறகு தூக்கி இரண்டு எட்டு நடங்கள். நின்றிருக்கும் காரில் வையுங்கள். இன்னொரு நாள் இன்ஜினை மட்டும் ஓடவிடுங்கள். அதன்பின் தெருவை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒவ்வொரு படியிலும் அவள் அமைதியாக இருந்தால்தான் அடுத்த படி. பயந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைப்பதே பூனைக்குப் பாதி மருந்து. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா விங்கெ குழுவினர் 2014-இல், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளைக் கவனித்தார்கள். ஒளிய ஒரு பெட்டி கிடைத்த பூனைகள், பெட்டி கிடைக்காதவற்றைவிட வெகு சீக்கிரம் புதிய இடத்தில் தேறின. அதனால் பயணத்தில் கூடையின் மூன்று பக்கங்களை மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். ஓடும் மரங்கள் கண்ணில் படாது. ஒரு பக்கம் மட்டும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

நாலு கிலோ, 57 கிலோவாகும் கணம்

‘பாவம், அடைத்து வைக்க வேண்டாம், மடியில் வைத்துக்கொள்கிறேன்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்பில் பிறந்த சொல்தான். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காருக்குள் மல்லியும் அதே வேகத்தில்தான் போகிறாள்; சும்மா படுத்திருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். கார் எதிலாவது மோதி, பத்தில் ஒரு வினாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் அவளை மடியிலேயே நிறுத்தி வைக்க உங்கள் கைகள் தாங்க வேண்டிய பாரம் எவ்வளவு? ஏறக்குறைய 57 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு. அதுவும் எதிர்பாராத நொடியில், நீங்களே முன்னால் தள்ளப்படும்போது. எந்தக் கையாலும் இது முடியாது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 80 கிலோமீட்டர் என்றால் 25 மீட்டர், எட்டாவது மாடி. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் அடி இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. மோதல் வேண்டாம், திடீர்ப் பிரேக்கே போதும். மடியிலிருந்து நழுவிய பூனை இருட்டான இடம் தேடி ஓடும். காரில் மிக இருட்டான இடம் ஓட்டுபவரின் காலடி. பிரேக்குக்கு அடியில் ஒரு பூனை இருந்தால் காரில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து.

ஆகவே கூடை கெட்டியான பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். மல்லி உள்ளே எழுந்து நிற்கவும் திரும்பவும் இடம் போதும்; அதைவிடப் பெரிதானால் குலுக்கலில் அவளே சுவரில் மோதுவாள். அட்டைப்பெட்டி சிறுநீரில் நனைந்தால் அடி விட்டுவிடும். கட்டைப்பையும் ஜிப் வைத்த துணிப்பையும் மிரண்ட பூனைக்கு ஒரு தடையே இல்லை. இருசக்கர வண்டியில் பூனையைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோவதை அறவே விட்டுவிடுங்கள். கூடையோடு ஆட்டோவில் போவது எவ்வளவோ மேல்.

கூடையை வைக்கச் சிறந்த இடம் முன்சீட்டின் பின்னால், கால் வைக்கும் தரைப்பகுதி. பேருந்தின் கடைசி வரிசை தூக்கிப்போடும் என்பது நமக்குத் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் வரும் வினை அது. முன்சீட்டின் பின்பக்கம் இரு சக்கர அச்சுகளுக்கும் நடுவில் இருப்பதால் அங்கே குலுக்கல் குறைவு. மோதினாலும் முன்சீட்டின் முதுகு கூடையைத் தடுத்துவிடும். இடைவெளி இருந்தால் ஒரு போர்வையைச் சுருட்டிச் செருகுங்கள். காதும் காப்பாற்றப்படுகிறது, உயிரும் காப்பாற்றப்படுகிறது.

டீக்கடை நிறுத்தத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

மல்லியின் கார் திண்டிவனத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிற்கிறது. வெளியே 35 டிகிரி செல்சியஸ். ‘இதோ வந்துவிடுகிறோம்’ என்று கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் இறங்குகிறார்கள்.

வெயிலின் ஒளி கண்ணாடி வழியே உள்ளே வருகிறது. சீட்டும் டேஷ்போர்டும் அதைக் குடித்துச் சூடாகின்றன. அந்தச் சூடு காற்றில் ஏறுகிறது. காற்றுக்கு வெளியேற வழி இல்லை. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் கணக்கில் போட்டால், 35 டிகிரி நாளில் அரை மணியில் 53 டிகிரி.

மல்லியின் இயல்பான உடல்வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி சொச்சம். நம்மைப் போல உடல் முழுதும் வியர்க்க அவளால் முடியாது. பாதத் திண்டுகளில் மட்டுமே வியர்வை வரும். ரோமத்தை நக்கி, அந்த ஈரம் காய்வதால் குளிர்ச்சி தேடுவாள். காற்று ஏற்கெனவே புழுக்கமாக இருந்தால் ஈரமும் காயாது. நாய் வாய் திறந்து மூச்சு வாங்குவது வழக்கமான காட்சி. பூனை அப்படிச் செய்தால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பொருள். அச்சத்தாலும் இது வரலாம், வெப்பத்தாலும் வரலாம். உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், பாதத்தையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்றுப்படவிட்டு, மருத்துவரிடம் விரைய வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது.

காரில் எப்போதும் ஒருவர் ஏசியோடு இருக்கட்டும். மற்றவர்கள் மாறி மாறி டீ குடிக்கலாம். தரையில் உள்ள கூடைக்குக் குளிர்காற்று போகிறதா என்று அவ்வப்போது கையை வைத்துப் பாருங்கள். முடிந்தால் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்புங்கள். உச்சிவெயிலுக்கு முன் திருச்சியைத் தொட்டுவிடலாம்.

ஒரு கதவு திறக்கும் முன்

பயணத்தில் பூனைகள் தொலைவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். கூடையும் திறந்திருக்கும், காரின் கதவும் திறந்திருக்கும். ஒரு விதி போதும்: இரண்டில் ஒன்று எப்போதும் மூடியிருக்க வேண்டும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடிய காருக்குள் கூடையைத் திறந்து, மண் தட்டையும் கொஞ்சம் தண்ணீரையும் காட்டுங்கள். அவள் தொடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வீட்டுப்பூனையின் மூதாதை மேற்காசிய, ஆப்பிரிக்க வறண்ட நிலங்களின் காட்டுப்பூனை. சிறுநீரைச் செறிவாக்கித் தண்ணீரைச் சேமிக்கும் உடல் அதன் சொத்து. ஒரு பகல் முழுவதும் அடக்கிக்கொள்வது மல்லிக்குப் பெரிதல்ல. ஆனால் ஆண் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் தவித்தால் அது அவசரம்; ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

அப்படியும் தப்பிவிட்டால்? 2018-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், தொலைந்து மீண்ட பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. மிரண்ட பூனை அருகிலேயே பதுங்கும். நின்றிருக்கும் வண்டிகளின் அடியிலும், மழைநீர்க் கால்வாயிலும், கடையின் பின்புறத்திலும் தரையோடு தரையாகக் குனிந்து தேடுங்கள். இரவில் சந்தடி அடங்கியதும் மறுபடி தேடுங்கள். தோலுக்கு அடியில் மருத்துவர் செலுத்தும் மைக்ரோசிப் அரிசி மணி அளவுதான், பேட்டரி கிடையாது, 15 இலக்க எண் ஒன்றே அதில் இருக்கும். கண்டெடுத்தவர் கருவியால் படித்தால், அந்த எண்ணைப் பதிவு செய்த உரிமையாளரைத் தேடிப் பிடிக்க முடியும். இழுத்தால் கழன்றுவிடும் கழுத்துப்பட்டையில் கைபேசி எண்ணும் இருக்கட்டும்.

மருந்தும் சான்றிதழும்

பயணத்துக்கு முந்தைய வாரம் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பதற்றம் அதிகமுள்ள பூனைகளுக்கும் குமட்டலுக்கும் நல்ல மருந்துகள் உள்ளன. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் உள்ள மனித மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கொலைக்குச் சமமாகலாம். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் ஒரு மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடும்.

இந்தியாவில் 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளில் நாய், பூனைகளுக்குத் தனி அத்தியாயமே உண்டு. பயணத்துக்குத் தகுதியான உடல்நிலையில் இருப்பதாக மருத்துவரின் சான்று உடன் இருக்க வேண்டும் என்கிறது அது. நிறைசினைப் பூனையைக் கொண்டுபோகக் கூடாது என்றும் சொல்கிறது. சான்றும் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.

மதுரையில் முதல் இரவு

கார் வந்து நிற்கிறது. மல்லியை உடனே வீடு முழுக்கச் சுற்றவிட ஆசையாக இருக்கும். பொறுங்கள். அவளிடம் இந்த வீட்டுக்கு வரைபடம் இல்லை. ஒரே ஓர் அறையைச் சாத்தி, அதில் மண் தட்டு, தண்ணீர், தீனி, அந்தப் பழைய புடவையோடு கூடை எல்லாவற்றையும் வைத்து, கூடைக் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவள் ஒரு மணியில் வரலாம். ஒரு நாள் கழித்தும் வரலாம். முதல் முறை மேசைக்காலில் கன்னத்தை உரசும்போது, வரைபடத்தின் முதல் புள்ளி விழுந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் அறையாகத் திறக்கலாம். வெளிக்கதவை மட்டும் சில வாரங்களுக்குத் திறந்து போடாதீர்கள்; பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடுவாள்.

ஒரு முழு நாள் எதையும் தின்னாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு கல்லீரலில் குவிந்து நோயாகும்; குண்டுப் பூனைக்கு இது இன்னும் வேகம்.

மல்லியால் நம்மிடம் ‘எங்கே போகிறோம்?’ என்று கேட்க முடியாது. ‘எட்டு மணி நேரம்தான், பொறுத்துக்கொள்’ என்று நாமும் அவளுக்குச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததை அவளுக்குத் தெரிந்த மணத்தால் உணர்த்தலாம். அதற்கு ஆறு வாரம் ஆகும். ஆகவே பயணத் தேதி இன்னும் முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை. பரண்மேல் இருக்கும் கூடையை இன்றே இறக்கி, துடைத்து, கதவைத் திறந்து, உங்கள் பூனை தூங்கும் மூலையில் வைத்துவிடுங்கள்.